ஹிகாரியா, டிபிசிபி2-வா? காரைக்குடிக் கடைகளுக்கு எது சரி

காரைக்குடிக் கண்டாங்கிக் கடைகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகள் போன்றவற்றுக்கு ஜாவாவில் பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் தொடர்புகளை முன்பே திறந்துவைத்து, மாறி மாறிப் பயன்படுத்தும் ஏற்பாடு) வேண்டுமா என்பதில் பேச்சே இல்லை. ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்து மூடுவது வீண் வேலை. எந்தப் பூல் என்பதுதான் கேள்வி. டிபிசிபி2, ஹிகாரிசிபி (சுருக்கமாக ஹிகாரி) இரண்டும் ஜாவாவுக்கான பூல் நூலகங்கள். நாங்கள் டிபிசிபி2-ஐ விட்டு ஹிகாரிசிபிக்கு மாறிவிட்டோம்.

வேகத்தில் ஹிகாரி முந்தும். மூன்று கவுண்டர் கடையில் அது தெரியவே தெரியாது. இரவு ஒன்பதுக்குச் சாத்தி மறுநாள் ஒன்பதரைக்குத் திறந்தால், 8 மணி நேரம் சும்மா கிடந்த கனெக்‌ஷனை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் துண்டித்திருக்கும். காலை முதல் பில்லைத் தடையில்லாமல் போட முடியுமா? இரண்டிலும் முடியும். டிபிசிபி2 சோதித்துவிட்டுத்தான் கொடுக்கிறது. ஹிகாரி, சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை 30 நிமிடத்தில் மாற்றிவிடுகிறது.

எங்களை மாற்றியது பராமரிப்புதான். கடையில் சர்வரைக் கவனிக்க ஆள் கிடையாது. போன் வரும், லாகை (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவை) பார்த்துத்தான் கோளாறைப் பிடிக்க வேண்டும். ஏதோ ஒரு சரக்கு இருப்பு ரிப்போர்ட்டில் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) விழுந்து கனெக்‌ஷன் மூடப்படாமல் போகிறது என்று வையுங்கள். டிபிசிபி2-வில் நாம் எதையும் மாற்றாவிட்டால் மொத்தம் 8 கனெக்‌ஷன். அவை தீர்ந்ததும் அடுத்த பில் காலவரையின்றிக் காத்திருக்கும். திரையில் வட்டம் சுற்றும், லாகில் ஒரு வரி இருக்காது. காத்திருப்பு நேரத்துக்கு நாமே வரம்பு வைக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு கடையிலும் மறக்காமல் வைக்க வேண்டும்.

ஹிகாரியில் 10 கனெக்‌ஷன். 30 விநாடியில் கிடைக்காவிட்டால் பிழை எறிந்துவிடும். அதோடு 'லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டு' என்ற ஒரு வரியைச் சேர்த்து 20 விநாடி என்று வைத்தோம். அதைத் தாண்டித் திரும்பாத கனெக்‌ஷனை எந்த கிளாஸ், எந்த வரி வாங்கியது என்று ஸ்டாக் ட்ரேஸோடு (எந்த வழியாக அழைப்பு வந்தது என்ற பட்டியலோடு) லாகில் எழுதிவிடுகிறது. வருஷக் கணக்கு ரிப்போர்ட் நீண்டு ஓடினாலும் இதே எச்சரிக்கை வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

டிபிசிபி2-வுக்கும் ஒரு பலம் உண்டு. கைவிடப்பட்ட கனெக்‌ஷனைத் தானே பிடுங்கிக்கொள்ளச் சொல்லி அமைக்கலாம். ஹிகாரி சொல்லும், பிடுங்காது. பழைய புரோகிராமைத் தொடவே முடியாத இடத்தில் டிபிசிபி2-வையே வைத்துக்கொள்வேன். டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரோடு சேர்ந்தே வருவதால் தனி ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) கூட வேண்டாம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வரும் தளங்களை நான் ஓட்டியதில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கில் 2.0 முதல் ஹிகாரிதான் தானாக வருகிறது. கடையில் இன்னும் ஜாவா 8 ஓடினால் ஹிகாரியின் 4-ஆம் வரிசையை எடுங்கள். 5-க்கு ஜாவா 11 வேண்டும்.