ஈனோவா, பேன்டோப்ரசோலா?

மாட்டுங்கால நைட் 11 மணிக்கு வடாபாவ் தின்னுட்டு நெஞ்சு எரிஞ்சா கை தானா ஈனோ பாக்கெட்டுக்குத்தான் போகும், தப்பில்ல, அது சோடா உப்பு, வயித்துல ஏற்கனவே இருக்கிற ஆசிட்ட நேரா முறிச்சுடும், சில நிமிஷத்துல ஒரு ஏப்பம், அப்பாடான்னு இருக்கும். ரொம்ப நேரம் நிக்காது. பிபி இருந்தா உஷார், சோடியம் ஜாஸ்தி.

பேன்டோப்ரசோல் மாத்திரை வேற ரகம். இருக்கிற ஆசிட்ட தொடவே தொடாது, வயித்துச் சுவர்ல ஆசிட்ட சுரக்கிற பம்பையே அடைக்கும். அந்த பம்ப் சாப்பாடு வந்தாதான் முழு வேகத்துல ஓடும், அதனால காலைல நாஷ்டாவுக்கு அரை மணி முன்னாடி வெறும் வயித்துல போடணும், எரியும்போது போட்டா உடனே கேக்காது, முழுசா புடிக்க சில நாள் ஆகும். மெடிக்கல்ல கேட்டதும் குடுக்கறாங்கன்னு வருஷக்கணக்கா முழுங்கினா வைட்டமின் பி12 குறையலாம், வயித்துல தொற்றும் வரலாம், சாப்பாட்டோட வர்ற கிருமியக் கொல்றதும் அதே ஆசிட்தானே. எப்பவாவது எரிச்சல்னா என் ஓட்டு ஈனோவுக்கு, வாரத்துல 2 தரத்துக்கு மேலன்னா டாக்டர்ட்ட காட்டிருங்க.