வகுப்பில் பாட்டு: வாயால் பாடுவதா, ஸ்பீக்கரில் போடுவதா?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்கள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: வாய்க்குக் காசில்லை. ஸ்பீக்கருக்கு உண்டு, சார்ஜும் போட வேண்டும்.

உழைப்பு: ஸ்பீக்கர் களைக்காது. தொண்டை மூன்றாவது பீரியடிலேயே கட்டிவிடும்.

வேகம்: இங்கேதான் வாய் ஜெயிக்கிறது. 'அணில்' என்ற இடத்தில் கடைசி வரிசைப் பிள்ளை 'அனில்' என்றால், நிறுத்தி, கைதட்டி, அந்த வரியை மட்டும் மெதுவாகத் திரும்பப் பாடலாம். ஸ்பீக்கரை நிறுத்தப் போனைத் தேடுவதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும்.

சுருதி: சார்களின் கீழ்க்குரலுக்கு இறங்கப் பிள்ளைகள் திணறுவார்கள். குழந்தைக் குரலில் பதிவு கிடைத்தால் சட்டென ஒட்டிக்கொள்வார்கள்.

எழுத்தும் எண்ணும் பழக்க வாய்ப்பாட்டு. ஆண்டுவிழா ஆட்டத்துக்கு ஸ்பீக்கர். தொண்டை கட்டிய நாளுக்கும் அதேதான்.