இரேசர்: முரண்டு பிடிக்கும் கோப்புகளை அழிக்க

பழைய மேசைக் கணினியை விற்பதற்கு முன், அதிலிருந்த வரிக் கணக்குகளையும் ஆதார் நகல்களையும் அழிப்பதற்காக, விண்டோஸில் இயங்கும் இலவசத் திறமூல மென்பொருளான இரேசரைப் பயன்படுத்தினேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தால் கோப்பின் முகவரிதான் நீங்குகிறது. தரவோ, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை வட்டிலேயே கிடக்கிறது. இரேசர் அந்த இடத்தை வேறு தரவால் நிரப்பிய பிறகே கோப்பை நீக்குகிறது. முன்பு சாதாரணமாக அழித்த கோப்புகளின் மிச்சங்கள் இருக்கக்கூடிய காலி இடத்தையும் அதே முறையில் துடைத்துவிடலாம்.

வேறொரு நிரல் பிடித்து வைத்திருப்பதால் நீக்க முடியாத கோப்புகளை வலிந்து விடுவித்து அழிக்கும் தேர்வும் அமைப்புகளில் உள்ளது. அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இடைமுகம் அவ்வளவு பழைய பாணி.

இரேசர் தரும் அழிப்பு வழிகளின் பட்டியலிலுள்ள, 35 முறை மேலெழுதும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் அக்கால வட்டுகளுக்காக வகுத்த அந்த வழி இன்றைய வட்டுகளுக்குத் தேவையற்றது என்பதை அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். சுழலும் வட்டுக்கு ஒருமுறை மேலெழுதுவதே பொதுவாகப் போதும்.

எஸ்எஸ்டி (சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே இடம் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது புதிய தரவை வேறிடத்தில் எழுதுவதால், பழைய பிரதி தப்பிவிடக்கூடும்; தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கருவியே அதற்குப் பொருத்தமானது.