ஐபி ரூட் கெட்: கர்னலிடமே வழி கேட்கும் கட்டளை

லினக்ஸ் கணினியிலிருந்து பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க 'ஐபி ரூட் ஷோ' அடிப்பவர்கள்தான் அதிகம். அது மெயின் என்ற ரூட்டிங் டேபிளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) மட்டும் காட்டும். லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேடுவதோ, எந்த டேபிளைப் பார்ப்பது என்று சொல்லும் ரூல்களின் எண் வரிசைப்படி: 0-இல் லோக்கல், 32766-இல் மெயின், 32767-இல் டிஃபால்ட். விபிஎன் ஏறினால் நடுவே இன்னும் சில ரூல்கள் நுழையும். முன்னால் இருக்கும் டேபிளில் ஒரு /0 (எல்லா முகவரிக்கும் பொருந்தும் வரி) பொருந்தினாலே தேடல் முடிந்தது. மெயினில் உள்ள /24 பக்கம் கர்னல் போகவே போகாது. நீளமான பிரிஃபிக்ஸ் (சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ள, இன்னும் குறிப்பான வரி) ஜெயிப்பதெல்லாம் ஒரே டேபிளுக்குள்தான்.

ஐபிரூட்2 தொகுப்பில் வரும் 'ஐபி ரூட் கெட் 8.8.8.8' இந்தத் தேடலைக் கர்னலையே செய்ய வைத்து, கேட்வே (அடுத்த ரூட்டர்), இன்டர்ஃபேஸ் (வெளியேறும் நெட்வொர்க் முனை), சோர்ஸ் முகவரி (அனுப்புநர் முகவரி) மூன்றையும் ஒரே வரியில் தருகிறது. சூடோ (நிர்வாகி உரிமை) வேண்டாம், ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. டேபிளில் எந்த வரி பொருந்தியது என்று தெரிய வேண்டுமானால் 'ஃபிப்மேட்ச்' சேருங்கள், கர்னல் 4.13 முதல் உண்டு.

விடையின் அடியில் 'கேஷ்' என்று வருவது வெறும் பழைய மிச்சம். ஐபிவி4 ரூட் கேஷை 3.6-லேயே தூக்கிவிட்டார்கள். அதன் பக்கத்தில் 'எம்டியு 1400' (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) போல ஏதாவது ஒட்டியிருந்தால் மட்டும் கவனியுங்கள்: நடுவழியில் ஏதோ ஒரு ரூட்டர் பாக்கெட் பெரிதென்று திருப்பியிருக்கலாம்.

சறுக்குவது மார்க் (கர்னலுக்குள் பாக்கெட்டுக்கு வைக்கும் அடையாள எண்) விஷயத்தில். ஃபயர்வாலில் வெளியே போகும் பாக்கெட்டைத் திருத்தும் மேங்கிள் அவுட்புட்டில் மார்க் 1 போட்டு இரண்டாவது இணைப்புக்குத் திருப்பியிருக்கிறீர்கள் என்று வைப்போம். 'மார்க் 1' சேர்த்துக் கேட்டால் புது இன்டர்ஃபேஸும் அதன் முகவரியும் அழகாக வரும். நிஜப் பாக்கெட்டின் கதை வேறு. மார்க் விழுவதற்கு முன்பே, நிரல் இணைப்பைத் தொடங்கும் கனெக்ட் அழைப்பில், முதல் தேடல் நடந்து பழைய சோர்ஸ் முகவரி ஒட்டிக்கொள்கிறது. பிறகு கர்னல் மறுபடி தேடி இன்டர்ஃபேஸை மாற்றும், முகவரியைத் தொடாது. எனவே பழைய முகவரியை 'ஃப்ரம்' போட்டு, மார்க்கையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மை நிலை தெரியும். வெளியேறும் இன்டர்ஃபேஸில் மாஸ்கரேட் (சோர்ஸ் முகவரியை அந்த இன்டர்ஃபேஸின் முகவரியாக மாற்றும் விதி) வைத்தால் சரியாகும். அப்படியும் பதில் பாக்கெட் காணாமல் போனால் ஆர்பி ஃபில்டர் (திரும்பும் வழி பொருந்தாத பாக்கெட்டைக் கழிக்கும் கர்னல் அமைப்பு) 1-இல் இருக்கிறதா பாருங்கள், 2 ஆக்குங்கள். இந்த அமைப்பு பொதுவான 'ஆல்', தனி இன்டர்ஃபேஸ் என இரண்டு இடத்தில் உண்டு, இரண்டில் பெரிய எண்தான் செல்லும். சாக்கெட்டிலேயே (நிரலின் இணைப்பு முனை) மார்க் வைக்கும் நிரல்களுக்கு இந்த முகவரித் தலைவலி கிடையாது.

ஃபயர்வால் தடுப்பதோ கேட்வே செத்துக் கிடப்பதோ 'ஐபி ரூட் கெட்'டுக்குத் தெரியாது, அதற்கு நிஜப் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்தான். இரண்டு கேட்வேக்குப் பங்கிடும் ரூட்டில் ஹாஷ் பாலிசி 1 (போர்ட் எண்களையும் வைத்து வழியைத் தேர்வது) என்றால், ஐபிபுரோட்டோ (டிசிபி, யுடிபி போன்ற வகை), எஸ்போர்ட் (அனுப்பும் போர்ட்), டிபோர்ட் (பெறும் போர்ட்) மூன்றும் கொடுக்காமல் வரும் விடையை நம்பாதீர்கள்.