‘வீட்டு வண்டி’ என்று சொன்னால் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் செகண்ட் ஹேண்ட் பைக் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு கடையில் புரோக்கர் மூலம் பழைய பைக் வாங்கி ஏமாந்தவன் நான். கடை பெயரோ ஆள் பெயரோ போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் அவர்கள் வண்டியோடு சேர்த்து விற்ற கதையைச் சொல்லியே ஆகவேண்டும், அடுத்து வருகிற ஆளுக்கும் அதையேதான் சொல்வார்கள்.

புரோக்கர் சொன்னது இதுதான்: "நகரத்தார் வீட்டு வண்டி தம்பி. ஐயா சென்னையில இருக்காங்க. படைப்பு, கல்யாணம்னு ஊருக்கு வந்தா மட்டும்தான் எடுப்பாங்க. மத்த நாளெல்லாம் வளவுக்குள்ளயே நின்ன வண்டி." (படைப்பு என்பது முன்னோருக்குச் செய்யும் வழிபாடு, வளவு என்பது வீட்டின் உள்முற்றம்.) 2014 மாடல் பல்சர் 150, மீட்டரில் 18,000 கிலோமீட்டர் சொச்சம், விலை 42,000 ரூபாய். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நகரத்தார், அதாவது செட்டியார் வீடுகள் அத்தனை பூட்டிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இதை யார் சந்தேகப்படப் போகிறோம்? அதில் புரோக்கருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது வண்டி திணறினால் "நின்ன வண்டி, கார்ப்பரேட்டர்ல அழுக்கு, ஒரு சர்வீஸ் போட்டா பறக்கும்" என்று அந்தக் கதையே பதிலும் சொல்லிவிடுகிறது.

நின்ற வண்டியில் அப்படி ஆவதும் உண்மைதான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டரில் ஜெட் என்கிற சின்னத் துளை உண்டு, பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி அதில் ஒட்டிக்கொள்ளும், இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருவதால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்லோ ஜெட் அடைத்த வண்டிக்கு ஸ்லோ ஸ்பீட் நிற்காது, சோக்கை விட்டால் அணைந்துவிடும். என் வண்டி ஸ்லோவில் பிரமாதமாக நின்றது. ஆள் ஏறி, நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால்தான் இன்ஜின் திணறும், வண்டி இழுக்காது. நம்ம ஊர் தரை வேறு தட்டையோ தட்டை. கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை தனி ஆளாக ஓட்டினால் எந்த இன்ஜினும் நல்ல இன்ஜின்தான். பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஏதாவது ஒரு ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். "இன்சூரன்ஸ் இல்ல தம்பி, தூரம் போகாதீங்க" என்று அவர்கள் சொன்னதற்கு அர்த்தம் அப்புறம்தான் விளங்கியது.

வாங்கிய பிறகு அவர்களே ஒரு பட்டறையைக் காட்டினார்கள். இங்கேதான் இரண்டாவது கொள்ளை. முதலில் கார்ப்பரேட்டர் சர்வீஸ். சரியாகவில்லை. இந்த வண்டியின் கார்ப்பரேட்டரில் டயாஃப்ரம் என்று மெல்லிய ரப்பர் தாள் ஒன்று உண்டு, அது கிழிந்தால் பிக்கப் போகும், அதை மாற்றினார்கள். கிழிந்த பழையதைக் காட்டச் சொன்னால் குப்பையில் போட்டாச்சாம். அப்புறம் ஏர் ஃபில்டர், அப்புறம் இக்னிஷன் காயில். கடைசியில் "கிளட்ச் பிளேட் போச்சுண்ணே" என்று அதையும் மாற்றினார்கள். மொத்தம் ஏழாயிரத்துக்கு மேல் போனது, ஒன்றுக்கும் பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். இத்தனையிலும் ஒரு தடவைகூட கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் இன்ஜினுக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்ன நிறம் என்று பார்த்ததாகவும் தெரியவில்லை. தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று கேட்டால் தெரிந்தே என்றுதான் சொல்வேன். ஏனென்றால் ஆயில் மட்டும் மாற்ற வேண்டாம், "புது ஆயில்தான் இருக்கு" என்று பிடிவாதமாகச் சொன்னார்கள்.

தேவகோட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "வண்டியை ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க, காலையில ஆறின இன்ஜினை நான்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார். காலையில் கிக்கரை மிதித்தால் கல்லாக இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து புஸ் புஸ் என்று காற்று தள்ளுகிறது. இந்த இன்ஜினுக்கு இரண்டு பிளக், இரண்டுமே கருப்பாக, ஆயில் ஈரத்தோடு இருந்தன. நல்ல பிளக் இளம் காவி நிறத்தில் இருக்கும், பெட்ரோல் அதிகம் போனால் உலர்ந்த கரி படியும், ஈரமான கருப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, மற்ற பிளக்கை அப்படியே இறுக்கி வைத்து, இக்னிஷனை ஆஃப் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு முள் நிற்கும்வரை மிதித்தார். அழுத்தம் 80 பிஎஸ்ஐ தான், குறைவு. ஒரு ஸ்பூன் ஆயிலை அந்தத் துளையில் விட்டு மறுபடி மிதித்தார், முள் 120 தாண்டியது. ஆயில் விட்டதும் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கிலும், பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரான போரிலும் இருக்கிறது, ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். மொத்த வேலையும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை! இதற்குத்தான் முந்தைய பட்டறையில் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆயிலை வடித்தபோது கருப்பட்டிப் பாகு போல இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜின் ஆயிலோடு கியர் ஆயிலைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றார். கெட்டியான ஆயில் கொஞ்ச நாளைக்குப் புகையையும் டக டக சத்தத்தையும் அமுக்கிவைக்கும். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, அதனால் குளிர்ந்த நேரத்தில் கிளட்ச் சரியாக விடாது, கியர் இடிக்கும். ஆக, அந்த ஆயில் செய்த வேலைக்குத்தான் என்னிடம் கிளட்ச் பிளேட் காசு வாங்கியிருக்கிறார்கள். ஹெட்டையும் போரையும் கழற்றிப் பார்த்ததில் போர் முழுக்கக் கீறல், ரிங் தேய்ந்து இடைவெளி அகன்று கிடந்தது. புது போர் கிட், வால்வு சீல், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு நெருக்கமாக ஆனது.

பதினெட்டாயிரம் கிலோமீட்டரில் போர் இப்படித் தேயாது. வண்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டதில், 2018லேயே 61,000 கிலோமீட்டர் பதிவாகியிருந்தது. வளவில் நின்ற வண்டியாம்! கால் வைக்கிற ரப்பரும் கியர் லீவர் ரப்பரும் மழுங்கி வழுவழுப்பாக இருந்தன, மீட்டரைக் குறைக்கிறவர்கள் பெரும்பாலும் அதையெல்லாம் மாற்ற மாட்டார்கள், அங்கே பாருங்கள்.

பார்க்கப் போகும்போது, வருவதாக முன்கூட்டியே சொல்லாமல் போங்கள், போனதும் இன்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் சற்றுமுன்தான் ஓட்டியிருக்கிறார்கள், ஆறட்டும் என்று காத்திருங்கள். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஸ்லோவில் விட்டு, சட்டென்று முறுக்குங்கள். அந்த நேரத்தில் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல், பாரத்தோடு இழுக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தால் ரிங். இன்ஜின் சுற்று சட்டென்று ஏறியும் வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்குவது, அப்போது இன்ஜினைக் குறை சொல்லக்கூடாது. முடிந்தால் சென்டர் ஸ்டாண்டில் போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. கம்ப்ரஷன் பார்க்க விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

புரோக்கரிடம் கேட்டதற்கு "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், கேரண்டியா குடுத்தேன்?" என்றார். பழைய வண்டி தேய்ந்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, 61,000 தாண்டிய வண்டி என்று சொல்லி அதற்கேற்ற விலைக்குக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்கவும் கூடும். மீட்டரைக் குறைப்பதும் ஆயிலில் புகையை மறைப்பதும் வேறு விஷயம். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தால் 1915க்கு போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. கடையில் வாங்கியதற்கான ரசீது அவசியம்.

புகார் போன பிறகு 25,000க்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார்கள், மறுத்துவிட்டேன். வடித்த ஆயில் ஒரு பாட்டிலில், பழைய பிஸ்டனும் ரிங்கும் ஒரு பையில், சர்வீஸ் பதிவின் நகல், எல்லாம் பத்திரமாக இருக்கிறது. காரைக்குடியில் ‘செட்டியார் வீட்டு வண்டி’ என்று வாங்கி, அப்புறம் கிளட்ச் பிளேட்டும் மாற்றச் சொல்லப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.