றம்பொடைக்கு மேலே, போர்ட் இல்லாத கராஜ்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், மெப்பில் தேடினால் கிடைக்காது. கண்டியிலிருந்து நுவரெலியா போகும் ஏ5 பாதையில் றம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டி ஏறுங்கள். இடதுபக்கம் ஒரு சின்னப் பிள்ளையார், அதையொட்டித் தகரக் கொட்டகை, வாசலில் கம்பியில் தொங்கும் பழைய லொறி டயர். அந்த டயர்தான் போர்ட்.

பேராதனையில் தொடங்குகிற இந்த ஏ5 எங்கட மட்டக்களப்புச் செங்கலடியில்தான் முடிகிறது. நாங்கள் அந்த முடிவு ஊர்க்காரர். வேனும் சமதரையில் ஓடிப் பழகியது, பழைய டொல்பின். 2024 டிசம்பர் லீவில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கண்டிப் பக்கத்தால் சீதாஎலியவுக்குப் புறப்பட்டோம். அந்த வருசம் மே மாதம் சீதையம்மன் கோவில் கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து அம்மா கேட்டபடியே இருந்தா. போகுமுன் ஊரில் ஒரு கராஜில் முழுச் சர்விஸ். “மலையென்ன, வானத்துக்கே ஏறலாம் சேர்” என்றார்கள். பில்லும் வானத்துக்குத்தான் ஏறியிருந்தது.

சுரங்கம் கழிந்து நாலைந்து வளைவு. சார்ஜ் லைட் எரிந்தது. பெற்றரிதானே, நுவரெலியாவில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்வேன். என் வேனில் எது எதைச் சுற்றுகிறது என்று மட்டும் தெரியாது. அடுத்த வளைவில் டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போய், சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனவனைத் தடுத்தது மேலே தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. “தொறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துரும்! அந்தா, டயர் தொங்குது பாருங்க, அங்க தள்ளிட்டுப் போங்க.” தள்ள ஆள்? அவவே கூப்பிட்டா. மூன்று பொடியன்கள் வந்தார்கள், பின்னால் வந்த மரக்கறி லொறியின் கிளீனரும் இறங்கினார்.

கராஜ் மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அறுபது வயதிருக்கும். முன் சீட்டைத் தூக்கினார், ஒரு நிமிசம் பார்த்தார், கையை உள்ளே விட்டு நாய் கடித்த கயிறு மாதிரி ஒன்றை இழுத்தெடுத்தார். பேன் பெல்ட். “இதுதான் சார் தண்ணி பம்பையும் சுத்துது, ஆல்டனேட்டரையும் சுத்துது. லைட்டு எரிஞ்சப்பவே நிப்பாட்டியிருக்கணும்.” அறுந்த பெல்ட்டைப் பின்பக்கமாக மடித்துக் காட்டினார். உள்பக்கமெல்லாம் காய்ந்த குளத்துச் சேறு போல வெடிப்பு. ஒரு வாரத்து வெடிப்பில்லை அது. முழுச் சர்விஸ் செய்தவர்கள் எதைப் பார்த்தார்களோ!

அவரிடம் அந்த அளவு பெல்ட் இல்லை. இருக்கிற ஒன்றை மாட்டி அனுப்பிக் காசை வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. நுவரெலியாவில் ஒரு பார்ட்ஸ் கடைக்குப் போன் பண்ணி நம்பரைச் சொன்னார்; கடைக்காரர் கண்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டார். ஒன்றேகால் மணித்தியாலத்தில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் “பாஸ், மெந்ந பெல்ட் எக்க” (இந்தா பெல்ட்) என்று சிங்களத்தில் சொல்லி ஜன்னலால் நீட்டிவிட்டு, நான் கொடுத்த இருநூறை வாங்காமலே விசில் அடித்தார்.

அதற்குள் குளிர். வெயிலூர்ப் பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா எல்லோரையும் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப்போய்விட்டா. அடுப்படியில் அம்மாவை உட்கார வைத்து, கோதுமை மா ரொட்டி, கட்டசம்பல், பிளேன்டி. தோட்டத்தில் அன்றைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். எங்களுக்காக அரைநாள் போயிருக்கும். காசு நீட்டிய மனைவியிடம், “ஏன் தங்கச்சி, ஒங்க ஊருக்கு நாங்க வந்தா காசா கேப்பீங்க?” என்று கேட்டாவாம். மனைவி பிறகு வேனில் வெகுநேரம் பேசவில்லை.

பாஸ் பெல்ட்டை மாட்டி, பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். ஒரு விரல் அளவு தணிய வேண்டுமாம். கூட இறுக்கினால் பம்ப் பெயரிங் போய்விடும். ரேடியேட்டர் மூடியில் ஈரச் சாக்கைப் போட்டுக் கால் திருப்புத் திருப்பி, சீறி முடியும்வரை காத்திருந்துதான் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். “எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற கேஸ்கட் தகடு தப்பிச்சிருச்சுன்னு நெனைக்கிறேன். உறுதியா சொல்லமாட்டேன். காலைல தண்ணி கொறைஞ்சிருந்தா பெரிய கராஜுக்குப் போங்க, என்னால ஹெட் கழட்ட ஏலாது.” குறையவில்லை.

குறைகளும் உண்டு. கழிவறை கிடையாது, லயத்துக்குத்தான் போக வேண்டும். கார்ட் எடுக்கமாட்டார். மழை வந்தால் கொட்டகை பாதி ஒழுகும். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. பேச்சு வேறு அதிகம், பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே தன் மருமகன் கதையைப் பத்து நிமிசம் சொன்னார். ஐந்தில் நாலரை போடுகிறேன்.

ரசீது கேட்டால் பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து எழுதித் தருவார். என்னுடையது இன்னும் டாஷ்போர்டில் கிடக்கிறது: பெல்ட் 1,900. கைக்கூலி 1,500. தண்ணி சும்மா.