துங்குஸ்கா முதல் ஸ்கைரேஞ்சர் வரை: ட்ரோனுக்கு எதிரே எது நிற்கும்?

ஒரே வான்பாதுகாப்பு வண்டியில் ஏவுகணையும் பீரங்கியும் எதற்கு? ஏவுகணைக்குக் கிட்டத்தில் கை எட்டாது என்பதுதான் காரணம். சோவியத் தயாரிப்பான துங்குஸ்கா அப்படி ஒரு வண்டி; அதன் ஏவுகணை 8 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் சுமார் இரண்டரை கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட இலக்கை அதனால் பிடிக்க முடியாது. கிளம்பி, வேகமெடுத்து, வழிக்கு வரவே அவ்வளவு தூரம் ஆகிவிடும். அந்த ஓட்டையை அடைப்பது 30 மி.மீ. பீரங்கி.

1982-ல் சோவியத் படையில் சேர்ந்த துங்குஸ்கா, டாங்கிகளோடு கூடவே போய் ஹெலிகாப்டர்களை வீழ்த்தச் செய்யப்பட்டது. பீரங்கியை ஓடிக்கொண்டே சுடலாம். ஏவுகணைக்கு வண்டி நிற்க வேண்டும். அதுமட்டுமல்ல, ஏவியது போய் மோதும்வரை கன்னர், அதாவது குறிபார்த்துச் சுடும் வீரர், குறியை இலக்கிலிருந்து விலக்கக் கூடாது. தூரத்து இலக்கு என்றால் பத்து விநாடிக்கு மேல். சண்டையில் அது நீண்ட நேரம்.

ரஷ்யாவின் பான்ட்சிர் அதன் வாரிசு. லாரி மேல் 12 ஏவுகணை, 20 கிலோமீட்டர் எட்டும். ஏட்டளவில் இந்த வரிசையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் 2020-ல் லிபியாவில் துருக்கி ட்ரோன்களிடம் பல பான்ட்சிர்கள் அடிவாங்கின. எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவின் சார்ஜன்ட் ஸ்டவுட் வேறு வழியில் போகிறது. ஸ்ட்ரைக்கர் என்ற சக்கரக் கவச வண்டியில் நான்கு ஸ்டிங்கர் ஏவுகணை, அப்புறம் ஒரு 30 மி.மீ. பீரங்கி. ஸ்டிங்கர் வெப்பத்தைத் தேடித் தானே போய்விடும் என்பதால் ஏவியவுடன் வண்டி நகர்ந்துவிடலாம். பீரங்கிதான் பலவீனம்: நிமிடத்துக்குச் சுமார் 200 குண்டு. துங்குஸ்காவின் இரட்டைப் பீரங்கிகள் சேர்ந்து 5,000 வரை கொட்டும்.

ஆனால் கொட்டுவதாலும் தீர்வதில்லை. சாதாரணக் குண்டு இலக்கில் நேரே பட்டால்தான் பலன். ஹெலிகாப்டர் பெரிய உருவம்; சின்ன ட்ரோன், குண்டுகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் ஸ்கைரேஞ்சர் 30 இங்கேதான் மற்றவற்றை விட்டு விலகி நிற்கிறது. குண்டு குழல் முனையைத் தாண்டும் கணத்தில் அங்குள்ள கம்பிச்சுருள்கள் அதன் வேகத்தை அளந்து, எத்தனை நேரம் கழித்து வெடிக்க வேண்டும் என்று அதற்குள்ளேயே பதித்துவிடுகின்றன. ட்ரோனுக்குச் சற்று முன்னால் அது பிளந்து நூற்றுக்கும் மேற்பட்ட டங்ஸ்டன் உருளைகளை முகத்துக்கு நேரே விரிக்கும். நேரடியாகப் பட வேண்டிய கட்டாயமே இல்லை. மலிவான ட்ரோனுக்கு விலையுயர்ந்த ஏவுகணையைச் செலவழிக்கும் அவலமும் குறைகிறது. ஸ்டிங்கரோ மிஸ்ட்ரால் ஏவுகணையோ கூட வைத்துக்கொள்ளலாம், அது ஹெலிகாப்டருக்கு.

விமான தளம் போன்ற நிலையான இடத்தைக் காக்க பான்ட்சிரின் எட்டும் தூரம் உதவும். நகரும் படையணிக்கு, ட்ரோன்தான் முதல் எதிரி என்றால், நான் தயங்காமல் ஸ்கைரேஞ்சரைச் சொல்வேன். அதற்கும் ஒரு குறை உண்டு. பீரங்கிக் கோபுரத்தில் இருப்பது 252 குண்டுதான். நிமிடத்துக்கு 1,200 என்ற வேகத்தில் விடாமல் சுட்டால் பதின்மூன்று விநாடிக்குள் காலி. சரி, அளந்து சுட்டால் நிறைய ட்ரோன்களைச் சமாளிக்கலாம். ஆனால் அலையலையாக வரும்போது, குண்டு நிரப்பும் வண்டி பின்னாலேயே ஓடி வந்தாக வேண்டும்.